மூக்கைத் தொலைத்துவிட்டு ஜெர்மனி போனேன்

ஜெர்மனி ஏர்போர்ட்டில் ஒரு நாய் என் கைப்பெட்டியை மோந்து பார்த்துவிட்டு மூன்று தும்மல் போட்டது. போலீஸ்காரர் பிடித்திருந்த நாய். காது தொங்க, நல்ல குடும்பத்து நாய் மாதிரிதான் இருந்தது. தும்மி முடித்து என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், என் மாமியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சுக்கு, மிளகு, சீரகம், காய்ந்த மந்தாரை இலை ஒரு கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே பெருங்காய டப்பா மூடி கழன்று, நாலு புடவையிலும் தூள் கொட்டிக் கிடந்தது. போலீஸ்காரர் இலையைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் முழங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் "போங்க, போங்க" என்று காட்டினார். அந்தக் கைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர், ஏறின கொஞ்ச நேரத்தில் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். வயசான பொம்பளை காலை நீட்டிக்கட்டும் என்று இடம் விட்டதாக நினைத்து, அவர் பிள்ளைகுட்டிகள் நல்லா இருக்கணும் என்று வழியெல்லாம் வாழ்த்திக்கொண்டு வந்தேன்.

விஷயம் இதுதான். எனக்கு வாசனை தெரியாது. அப்போது ஏழு மாசமாகியிருந்தது.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் குழாயடியில் பாசி வழுக்கி மல்லாக்க விழுந்தேன். பின்மண்டை சிமெண்டுத் தரையில் இடித்தது. ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் லேசா அடி, பயமில்லை, ஆறிவிடும் என்றார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் பால் தீய்ந்து பாத்திரம் கறுத்தது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணி வந்தது. வெங்காய வாசனை வரவில்லை.

மறுபடி போனபோது டாக்டர் மூன்று தடவை கேட்டார், "வேற ஏதாச்சும் இருக்குதாம்மா?" அந்த அறையில் ஒரு டஜன் பேர் நின்றார்கள். எனக்குக் கூட்டத்தில் வாய் வராது. கல்யாண வீட்டில் ரெண்டாம் தடவை பாயசம் வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. "இல்லீங்க" என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் தறியில் உட்கார்ந்திருப்பார், அடுப்பு பின்கட்டில். அங்கிருந்தே மோப்பம் பிடித்து, தறிச் சத்தத்துக்கு மேலே, "ஏமே, பாலு!" "ஏமே, கடுகு கருகுது!" என்று கத்துவார். ஏழு மாசமும் அவர் மூக்கை இரவல் வாங்கித்தான் சமைத்தேன். மகளிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

மகள் குழலி ஜெர்மனியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். அவள் வேலையே, மூளையில் அடிபட்டால் உள்ளே இருக்கிற செல்லெல்லாம் என்ன பண்ணுகிறது என்று பார்ப்பது. என் சந்தேகத்தைக் கேட்பதற்கு உலகத்திலேயே சரியான ஆள் என் வயிற்றில் பிறந்திருக்கிறாள். அவளிடம்தான் கேட்க முடியவில்லை. வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், "இனிமே வராதும்மா" என்று அவள் சொல்லிவிட்டால்? கேட்காத வரைக்கும் வரும் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா. "உடம்பு தேறிடுச்சில்ல, மூணு வாரம் வந்து இரும்மா" என்று அவள் கூப்பிட்டபோது, போன இடத்தில் எப்படியாவது கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

குழலி ஏர்போர்ட் வாசலில் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். பிடித்த வேகத்திலேயே விட்டாள்.

"ம்மா! இன்னாமா இது? பெருங்காயத்துல குளிச்சிட்டு வந்துக்கிறியா?"

"கொட்டிடுச்சுடி. தெரியும்" என்றேன். முதல் நாளே முதல் பொய்.

ரயிலில் எங்களைச் சுற்றி ஆறு பேர் இருந்தார்கள். ரெண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் ஒரு கிழவரும் கிழவியும்தான் மிச்சம். அவர்களும் மெதுவான குரலில் ஏதோ வாதாடினார்கள். குழலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கேஸு கசியுதுன்னு தாத்தா சொல்றாரு. கேஸு இல்ல, யாரோ பூண்டு மூட்டைய ஏத்திட்டாங்கன்னு பாட்டி சொல்றாங்க." எங்கள் ஊர் பஸ்ஸில் மீன்கூடை, மல்லிப்பூ, டீசல் எல்லாம் ஒன்றாக ஏறும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்தால் சீட்டு போய்விடும்.

ரெண்டாம் நாள் ரொட்டி. கறுப்பாக, கனமாக, தறியில் எடைக்கல்லுக்குப் பதிலாகக் கட்டித் தொங்கவிடலாம் போல இருந்தது. வாசனை போனவளுக்கு நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் இவ்வளவுதான் மிச்சம். அந்த ரொட்டியில் புளிப்பு இருந்தது. புளிச்ச மாவு தோசைக்கு அக்கா முறை என்று மனசைத் தேற்றிக்கொண்டு தின்றேன்.

மத்தியானம் குழலி தன் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். வேலையில் அவளுக்கு மேலே இருக்கிறவர் ஹெல்கா, வெள்ளை முடியை ஒட்ட வெட்டின நெட்டை அம்மா. கூட வேலை செய்கிற யோனாஸ், தாடிக்காரப் பிள்ளை. சாப்பாட்டு மேஜையில் யோனாஸ் ஒரு மரப்பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் "ஓ" என்று கத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்கள். உள்ளே பாற்கட்டி, வெண்ணெய் மாதிரி வழவழவென்று. மரியாதைக்கு ஒரு துண்டு எனக்கு நீட்டினான். நான் தின்றேன். உப்பு நன்றாக இருந்தது. அவன் இன்னொரு துண்டு நீட்டினான். அதையும் தின்றேன்.

மேஜையே கை தட்டியது. ஹெல்கா என்னமோ சொன்னார். "இந்த ஊருக்காரங்களே கிட்ட போவ மாட்டாங்களாம். எங்கம்மா பெரிய தைரியசாலின்றாங்க" என்றாள் குழலி. அவள் மட்டும் கை தட்டவில்லை.

"ம்மா, எப்படி இருந்துச்சு?"

"உப்பா இருந்துச்சு."

"வாசன?"

குத்துமதிப்பாக அடித்தேன். "நம்மூரு கருவாடு மாதிரி."

"ம்" என்றாள். வீட்டுக்குப் போகிற வரைக்கும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் நாள் உள்ளே கூட்டிப்போய்த் தன் வேலையைக் காட்டினாள். செருப்புக்கு மேல் நீலப் பை, தலைக்குக் குல்லா, வாய்க்கும் மூக்குக்கும் கவசம். கண்ணாடிக் கதவில் பார்த்தால் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறவள் மாதிரி இருந்தேன்.

வளையல் அகலத்துக்கு ஒரு வட்டத் தட்டு. அடியில் எலிக்குட்டி மூளையிலிருந்து எடுத்து வளர்த்த செல், பாய் விரித்த மாதிரி இடைவெளி இல்லாமல் படிந்திருக்கிறதாம். என் கண்ணுக்கு வெறும் ரோஸ் தண்ணிதான் தெரிந்தது. குழலி மெல்லிசான பிளாஸ்டிக் முனை ஒன்றை எடுத்து, நடுவில் ஒரே இழுப்பாகக் கோடு கிழித்தாள்.

"அய்யோ, ஏண்டி?" என்றேன். நெய்து முடித்த புடவையில் யாராவது கத்தி வைத்தால் வருகிற அய்யோ அது.

"இதுதாம்மா காயம். இப்ப அதுங்க இன்னா பண்ணுதுன்னு பாக்கறதுதான் என் வேல."

ரெண்டு நாள் நடப்பதை மிஷின் படம் பிடித்து, ஒரு நிமிஷமாகச் சுருக்கிவிடுமாம். போன வாரம் பிடித்ததை டிவியில் போட்டாள். கறுப்பில் பச்சைப் பச்சையாகத் திட்டுகள்.

"பேரு ஆஸ்ட்ரோசைட். மூளைக்குள்ள இருக்கும்போது நட்சத்திரம் மாதிரி நாலா பக்கமும் கைய நீட்டிக்கினு இருக்கும். நரம்புக்கு சோறு குடுக்கும், சிந்துனத வாரும், ரத்தக் குழாய புடிச்சிக்கும்."

"வீட்டுப் பொம்பளன்னு சொல்லு."

"அப்படியே வெச்சிக்கோ."

கோட்டின் ரெண்டு கரையிலும் இருந்தவை முதலில் சும்மா இருந்தன. அப்புறம் ஒன்று கையை நீட்டியது. பக்கத்தில் இருந்ததும் நீட்டியது. எல்லாக் கையும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தே நீண்டன. நீட்டின கைப் பக்கமே உடம்பையும் இழுத்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ரெண்டு கரையும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன.

"ஓடி வருதுங்கடி!" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தட்டுல ஓடி வரும். நெசமான மூளையில அப்படி இல்லமா." இன்னொரு படம் போட்டாள். உயிரோடு இருக்கிற எலியின் மண்டையில் குட்டிக் கண்ணாடி ஜன்னல் வைத்துப் பார்த்ததாம். "இங்க பாரு, முக்கால்வாசி இருந்த எடத்த விட்டு நவுரவே இல்ல. உடம்பு பெருக்குது, கை தடிக்குது. சிலது காயத்து பக்கம் கைய நீட்டுது, அவ்ளோதான். ரத்தக் குழாய் ஓரமா இருக்கிற சிலது ஒண்ணு ரெண்டாவுது. அதுங்கல்லாம் நெருக்கி நின்னு காயத்த சுத்தி வேலி போட்டுடும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் விழுந்த அன்னிக்கு நம்ம குழாயடி இப்படித்தாண்டி இருந்துச்சு!"

பொய்யில்லை. எதிர்வீட்டுச் சரோஜா வாசற்படியை விட்டு இறங்கவே இல்லை. நின்ற இடத்திலேயே ரெண்டு கையையும் நீட்டி "அய்யோ, புடிங்கடி, புடிங்கடி" என்று கத்தினாள். கையில் குடத்தோடு நின்றவர்கள் புடவையை இடுப்பில் செருகியதும் ஒவ்வொருத்தியும் ரெண்டு ஆள் பருமன் ஆகிவிட்டாள். ஒருத்தி நின்ற இடத்தில் பார்த்தால் ரெண்டு பேர் நின்றார்கள், எங்கிருந்து வந்தார்களோ. என்னைச் சுற்றி வட்டம் போட்டு நின்றதில் காற்றுகூட வரவில்லை. ஆனால் அந்த வட்டம் இல்லாவிட்டால், பின்னாலேயே வந்த தண்ணி லாரி என்னைப் பார்த்திருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அவர்கள் கலையவில்லை. இன்னும் என்னைக் குடத்தைத் தொட விடுவதில்லை.

"அதேதாம்மா!" என்று குழலி நாற்காலியில் துள்ளினாள். "வேலி போடலன்னா கெடுதல் பரவி காயம் பெருசாயிடும். ஆனா ஆறுன பிறகும் வேலி நிக்குது. அறுந்த நரம்பு திரும்ப முளைச்சு வந்தா, சில சமயம் வழிய மறைக்குது. சில சமயம் அந்த வேலியே கை குடுத்து தாண்ட வெக்குதுன்னும் சொல்றாங்க. இன்னும் சண்ட முடியல."

கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. "குழலி, மூக்கு..."

"இன்னாமா?"

"மூக்கு அரிக்குது. இந்தக் கவசம்."

நாலாம் நாள் அவளுக்கு மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு தனியாக டிராமில் ஏறினேன். ஏழாவது நிறுத்தம், எண்ணிக்கொண்டே போனேன். ஏழாவது வந்தது, வண்டி நின்றது, நானும் கதவு முன்னால் நின்றேன். கதவு திறக்கவில்லை. ஒருவேளை சாமி புறப்பாடு மாதிரி ஏதாவது போகிறதோ, அது போனதும் திறப்பார்களோ என்று காத்திருந்தேன். வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் இதே கதை. கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அதே வண்டியில் திரும்பி வந்து, மறுபடியும் என் நிறுத்தத்தைத் தாண்டினேன். பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டால் வேலை முடிந்தது. எனக்குக் கேட்க வரவில்லை. கடைசியில், மூன்றாவது தடவை என் நிறுத்தம் வந்தபோது, பச்சை முடி வைத்த ஒரு பெண், மூக்கில் மாடு மாதிரி வளையம், என் பக்கத்தில் வந்து கதவிலிருந்த பொத்தானை ஒரு விரலால் அழுத்தினாள். திறந்தது. எங்கள் ஊரில் கண்டக்டர் விசில் கொடுத்து, திட்டி, தோளைப் பிடித்து இறக்கியே விடுவார். இங்கே இறங்க வேண்டும் என்றால் நாம்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சோறு ஆறிப்போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை குழலி ஹெல்காவையும் யோனாஸையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். காஞ்சிபுரம் இட்லி பண்ணுவது என்று முடிவானது. அரிசி உளுந்தை முந்தின நாளே அரைத்துப் புளிக்க வைத்து, சுக்கு மிளகு சீரகம் சேர்த்து, உயரமான பாத்திரத்தில் மந்தாரை இலை விரித்து ஊற்றினேன். பதினொரு மணிக்கு அடுப்பில் ஏற்றினேன். குழலி தயிர் வாங்கக் கடைக்குப் போனாள்.

இங்கேதான் தப்பு நடந்தது. இந்த இட்லிக்கு எங்கள் ஊரில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. கனமான இட்லி, நேரம் மாவைப் பொறுத்து மாறும். சுக்கு வாசனை கூடத்துக்கு வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான் கணக்கு. நாற்பது வருஷப் பழக்கம் காலை இழுத்துப்போக, நானும் கூடத்தில் போய் உட்கார்ந்து வாசனைக்குக் காத்திருந்தேன். எனக்கு வாசனை வராது என்பதை அடியோடு மறந்துவிட்டேன். ஊரில் என்றால் அவர் கத்தியிருப்பார். இங்கே அவர் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள் நாய்க்குச் சட்டை போட்டுக் கூட்டிப்போனார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று உத்தரத்தில் ஏதோ வீல் வீலென்று கத்தியது. வாசல் மணி என்று நினைத்தேன். விருந்தாளிகள் சீக்கிரமே வந்துவிட்டார்கள் போல. தலையைச் சரிபண்ணிக்கொண்டு கதவைத் திறந்து கை கூப்பினேன். கீழ்வீட்டுப் பெரியவர் நின்றார், மூக்கைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டு. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி அடுப்பை அணைத்து, ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்தார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். சமையலறை முழுக்கப் புகை, பாத்திரத்தில் தண்ணி வற்றி இட்லி கருகியிருந்தது. உத்தரத்தில் கத்தினது புகை வந்தால் அடிக்கிற மணி.

குழலி தயிரும் கையுமாகப் படியேறி ஓடிவந்தாள். பெரியவர் படபடவென்று பேசிவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்து, அவரும் கை கூப்பிவிட்டுக் கீழே போனார்.

"இன்னாடி சொன்னாரு?"

"'பாட்டி புகைக்கு நடுவுல நின்னுக்கினு எனக்கு வணக்கம் சொன்னாங்க'ன்றாரு." அவள் சிரிக்கவில்லை. "ம்மா, கண்ண மூடு."

மூடினேன். மூக்குக்குக் கீழே எதையோ காட்டினாள்.

"இது இன்னா?"

"... தெரியல."

"இது?"

"தெரியலடி."

கண்ணைத் திறந்தேன். ஒரு கையில் நறுக்கின எலுமிச்சம்பழம். இன்னொரு கையில் கருகிய மந்தாரை இலை.

"எப்பத்திலேர்ந்துமா?"

"குழாயடியிலேர்ந்து."

அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளெல்லாம் எலி மூளைய பாத்துக்கினு இருக்கறேன். பெத்தவ மூளைய பாக்கல. போன்ல தெனம் தெனம் பேசுறியே, ஒரு வார்த்த சொன்னியா? அப்பாவுக்குத் தெரியுமா?"

"சத்தியம் வாங்கிட்டேன்."

"நல்லா வாங்குன, போ!"

நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். புகை ஜன்னல் வழியாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை.

"குழலி, அது திரும்பி வருமா?"

கேட்டுவிட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் வேலையைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"மூக்குக்கு மேல எலும்புல சல்லட மாதிரி ஓட்ட இருக்குது. அது வழியா மெல்லிசு மெல்லிசா நரம்பு மேல போவுது. பின்மண்ட இடிச்சா மூள ஆடுதில்ல, அப்ப அந்த நரம்பு அறுந்துபூடும். மத்த நரம்பு மாதிரி இல்ல, மூக்கு நரம்பு புதுசு புதுசா முளைக்கும். ஆனா அங்க தழும்பு வேலி போட்டிருந்தா முளைச்சது முட்டிக்கினு நிக்கும். சிலருக்கு வருதுமா. சிலருக்கு வரல. உனக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

ஏழு மாசமாக நான் பயந்தது "வராது" என்ற ஒரு சொல்லுக்கு. அவள் அதைச் சொல்லவில்லை. "வரும்" என்று சொல்லி என்னை ஏமாற்றவும் இல்லை. மனசு லேசாகிவிட்டது. இட்லி மட்டும்தான் பாரம்.

மேல் பாதி தப்பித்திருந்தது. அதை வெட்டி விருந்தாளிகளுக்கு வைத்தோம். யோனாஸ் மென்று பார்த்து, "புகை போட்டுச் செய்ததா? நாங்கள் மீனுக்கு இப்படிச் செய்வோம்" என்று கேட்டு ரெண்டாவது துண்டு வாங்கினான். ஹெல்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை நாலு சின்னப் புட்டி கொடுத்தனுப்பினார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் சாயங்காலமும் ஒவ்வொன்றையும் மோந்து, அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மாசக்கணக்கில். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், விடக்கூடாது.

மூன்றாவது நாளே, யூகலிப்டஸ் புட்டியில், "வந்துடுச்சுடி!" என்று கத்தினேன்.

"இல்லமா. அது சில்லுனு இருக்கறது. வேற நரம்பு அது, உனக்கு அது நல்லாத்தான் இருக்குது. வெங்காயத்துக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சே, அதுவும் அதுதான்."

இப்படி ஒரு ஏமாற்று நரம்பு.

மிச்சமிருந்த நாட்களில் நிறையச் சுற்றினோம். டிராமில் ஏறினால் பொத்தான் பக்கத்தில்தான் நிற்பேன். ஒரு நாள் கைத்தடி வைத்த ஒருவருக்காக நானே அழுத்தித் திறந்துவிட்டேன். நன்றி என்று அவர் சொன்னது எனக்கே புரிந்தது. கீழ்வீட்டுப் பெரியவருக்குக் கருகாத இட்லி ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன், கூட ஆள் இல்லாமல். கிளம்பும்போது குழலி வழியனுப்ப வந்து, "ஒண்ணு வந்தாலும், எது வந்தாலும், ஒடனே போன் பண்ணு" என்று பத்துத் தடவை சொன்னாள்.

ஊருக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் புட்டிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். காலையில் தறிக்கு உட்காருமுன் வரிசையாகத் திறந்து நீட்டுவார். "மோந்து பாரு மே. இது ரோஜா. நல்லா நெனச்சிக்கோ." நினைத்துக்கொள்வேன். ஒன்றும் வராது. "சரி, நாளைக்கு" என்று மூடுவார். மூன்று மாசம், நாலு மாசம், தினமும் "சரி, நாளைக்கு".

போன வாரம் சாயங்காலம் நாலு மணிக்கு, எனக்குத் தலைவலி என்று அவரே காபி போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வெடுக்கென்று தலையைப் பின்னுக்கு இழுத்தேன்.

"இன்னா மே?"

"இன்னாங்க போட்டீங்க இதுல? எலி செத்த நாத்தம் நாறுது!"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிடுங்கி மோந்து பார்த்தார். "நல்ல டிகாஷன், நல்ல பாலு. ஒரு நாள் போட்டுக் குடுத்தா..." பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

அவர்தான் போனைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால். குழலி வேலையில் இருந்தாள்.

"காபி நாறுதுடி" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"குழலி?"

"எப்படி நாறுது? கரெக்டா சொல்லுமா."

"செத்த எலி. கூடவே ரப்பரு எரிஞ்ச மாதிரி. தாங்க முடியல."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. "முளைச்சிக்கினு போயிருக்குதுமா. ஏதோ ஒண்ணு ரெண்டு அந்தண்ட போய் சேந்திருக்குது. மொதல்ல எடம் மாறித்தான் சேரும், அதான் தப்பு தப்பா தெரியுது. நாறட்டும்மா. நல்லா நாறட்டும்!" பின்னால் யோனாஸ் என்ன என்ன என்று கேட்பதும், அவள் சொன்னதும், யாரோ சந்தோஷத்தில் மேஜையைத் தட்டுவதும் கேட்டது.

போனை வைத்தேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"கொட்டிடவா?"

"குடுங்க" என்று வாங்கி, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.